நோட்டும் மாடிப்படியும்

அன்புள்ள அக்கா,

என் தம்பிக்கு 26 வயது. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, ‘செத்துருவேன்’ என்று பாதி வழியில் இறங்கிவிடுகிறான். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு கவுன்சிலரிடம் நாலு வாரமாகப் போகிறோம். சிபிடி என்கிறார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை, நோட்டில் எழுதச் சொல்கிறார். போன வாரம் மாடிப்படியில் ஓடவிட்டு நெஞ்சைப் படபடக்க வைத்தாராம். அவனுக்கு நோவே அதுதானே? நிறுத்திவிடலாமா?

ம., அம்பாசமுத்திரம்

அன்புள்ள ம.,

நிறுத்தாதீர்கள். அவர் சரியாகத்தான் செய்கிறார். சிபிடி என்பது நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றிப் பயத்தைக் குறைக்கும் பேச்சு சிகிச்சை.

தம்பிக்கு நடப்பது இது. பஸ்ஸில் புழுக்கத்தில் நெஞ்சு லேசாக அடிக்கிறது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று மனசு சொல்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரந்து இன்னும் வேகமாக அடிக்கிறது. ‘பாத்தியா, சொன்னேன்ல’ என்கிறது மனசு. ‘பேனிக் அட்டாக்’ எனப்படும் இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் விளக்கினார்.

‘ஒன்னுமில்லப்பா’ என்று நீங்கள் நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். அது ஏன் மனசில் ஏறவில்லை? ஒவ்வொரு தடவையும் இறங்கிவிட்டான், பிழைத்தான். இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொண்டது. கையில் தண்ணீர் பாட்டில், வாசல் பக்கத்து சீட், துணைக்கு நீங்கள், எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். இறங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவன் இதுவரை பார்த்ததே இல்லை.

அதைக் காட்டத்தான் மாடிப்படி. ஓடுவதற்கு முன்னால் ‘மயங்கி விழுவேன், 80 சதவீதம் நிச்சயம்’ என்று எழுதவைப்பார்கள். ஓடியபின் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கினால்தான் பொதுவாக மயக்கம் வரும். பயத்தில் அது ஏறத்தான் செய்யும். இதை வாயால் சொன்னால் தங்காது, உடம்பு பார்க்க வேண்டும். இருதயச் சோதனைகள் சரியாக இருப்பதால்தான் இதைச் செய்கிறார்கள்.

நோட்டில்தான் பலர் தவறுகிறார்கள். ‘என்ன நினைத்தேன்’ என்ற கட்டத்தில் ‘பயமா இருந்துச்சு’ என்று எழுதுவார்கள். அது உணர்ச்சி, அதற்குத் தனிக் கட்டம், 100க்கு இத்தனை என்று மார்க் போட. நினைப்பு என்பது ‘மூச்சு நின்னுரும்’ என்ற அந்த வாக்கியம். கவுன்சிலரிடம் போகும் முந்தின ராத்திரி மொத்தமாக எழுதினால் அந்த வாக்கியம் கிடைக்காது, அரை மணிக்குள் எழுத வேண்டும். அந்த நினைப்புக்குப் பதில் எழுதும் கடைசிக் கட்டத்தில் ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று எழுதுவதும் வீண், அதை அவனே நம்பமாட்டான். ‘11 தடவை வந்தது, ஒரு தடவையும் மூச்சு நிற்கவில்லை’ என்று எழுதினால் நம்புவான்.

அடுத்து பஸ்தான். முதலில் ஆற்றைத் தாண்டி கல்லிடைக்குறிச்சி வரை, நாலைந்து நடை. பிறகு வீரவநல்லூர், சேரன்மகாதேவி, கடைசியில் ஜங்ஷன். பயம் உச்சியில் இருக்கும்போது மட்டும் இறங்கக் கூடாது, இறங்கினால் அது வளரும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்த் தணிய ஆரம்பிக்கும். அந்தத் தூரம் முடியவில்லையென்றால் தூரத்தைக் குறைத்து ஏறட்டும்.

நீங்கள் முதலில் நாலு சீட் தள்ளி உட்காருங்கள். அப்புறம் அடுத்த பஸ்ஸில் வாருங்கள், அப்புறம் வீட்டிலேயே இருங்கள். பெற்றவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் இதுதான் கஷ்டம். பஸ்ஸிலிருந்து போன் போட்டு ‘ஒன்னும் ஆகாதுல்ல?’ என்றால் ஆகாது என்று சொல்லாதீர்கள். ‘நோட்டுல என்ன எழுதியிருக்க?’ என்று கேளுங்கள்.

வாரம் ஒரு தடவை, 50 நிமிஷம் என்று பொதுவாக 12 தடவை வரை ஆகும். ஏழெட்டு தடவையிலும் மாற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள், மாத்திரையும் சேர்த்துத் தேவைப்படலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் பண்ணுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.

அடுத்த தடவை போகும்போது, தம்பி சம்மதித்தால், கடைசிப் பத்து நிமிஷம் நீங்களும் உள்ளே உட்காருங்கள். போனில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மூன்று பேரும் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.