தீம் பார்க்கில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

கேள்வி: விடுமுறைக்கு ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் போகிறோம். நான், கணவர், 10 வயது மகள், 4 வயது மகன். டிக்கெட்டுக்கே பெரும் தொகை போய்விட்டது. ஒரு வேளையாவது மனதில் நிற்கிற மாதிரி ஓர் உணவகத்தில் சாப்பிட ஆசை. பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஒரு வேளை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுவே சரியான கணக்கு. உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பார்க் நேரம்தான். மற்ற வேளைகளுக்கு செயலியில் ஆர்டர் செய்து, வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நகருங்கள்.

மெனுவை அப்புறம் பார்க்கலாம். முதலில், நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று விசாரியுங்கள். டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில், மெக்சிகோ அரங்கின் பிரமிடுக்குள் சான் ஏஞ்சல் இன் என்ற உணவகம் இருக்கிறது. உச்சி வெயிலில் வியர்த்து உள்ளே நுழைந்தால் அங்கே எப்போதும் அந்தி நேரம். மேசையில் சின்ன விளக்கு, தூரத்தில் புகையும் எரிமலை, பக்கத்திலேயே ஆட்கள் ஏறிய படகுகள் சத்தமில்லாமல் போகும். மெனுவைப் படிக்க போன் வெளிச்சம் வேண்டியிருக்கும், அவ்வளவு இருட்டு. கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் 1967-இல் திறந்த ப்ளூ பாயூவும் இதே மாதிரிதான், கடற்கொள்ளையர் படகுச் சவாரியின் கரையிலேயே சாப்பாடு. இத்தனை வருடம் கழித்தும் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம் என்றால் காரணம் அந்தக் கரைதான்.

இன்னொரு பார்க்கான ஹாலிவுட் ஸ்டூடியோஸில் உள்ள சை-ஃபை டைன்-இன் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பழைய கார் வடிவ இருக்கைகளில் உட்கார்ந்து, திரையில் பழைய அறிவியல் புனைகதைப் படத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஆனால் எல்லோரும் திரையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார வேண்டும், பின் சீட்டில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். குடும்பமாகப் பேசிச் சாப்பிட நினைத்தால் இது வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு எப்காட்டின் கார்டன் கிரில். தரையே மெதுவாகச் சுற்றும், கீழே ஒரு படகுச் சவாரியின் காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். மிக்கியும் மற்ற பாத்திரங்களும் மேசைக்கே வருவார்கள். 4 வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்களைப் பார்க்க வரிசையில் நிற்கிற வேலை மிச்சம். தலைக்கு இவ்வளவு என்று நிலையான விலை. ஒன்றைக் கவனியுங்கள்: குழந்தைகள் விலை 3 முதல் 9 வயது வரைதான். உங்கள் மகளுக்குப் பெரியவர் கட்டணம்.

இரவுச் சாப்பாடாக வைக்காதீர்கள். எங்கள் முதல் பயணத்தில் இரவு எட்டரைக்குப் பதிவு செய்தேன். சூப் வருவதற்குள் மகன் என் மடியில் தூங்கிவிட்டான், நானும் அரைத் தூக்கத்தில்தான் சாப்பிட்டேன். மதியம் இரண்டு மணி வாக்கில் போனால் வெயிலுக்கும் ஒதுங்கின மாதிரி, காலுக்கும் ஓய்வு.

கேள்வி: நாங்கள் விரும்பும் உணவகம் எல்லாம் நிரம்பிவிட்டது என்கிறது செயலி. இனி வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. டிஸ்னி வேர்ல்டில் சாப்பிடும் நாளுக்கு 60 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள், வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே பயணம் முழுவதற்கும் (10 நாள் வரை) சேர்த்துப் பதிவு செய்யலாம். அதனால்தான் நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடுகின்றன. ஆனால் பலர் ஆசைக்கு நாலைந்து இடம் பிடித்துவைத்து, கடைசியில் விட்டுவிடுவார்கள். சொல்லாமல் வராமல் போனால் பல உணவகங்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், முந்தைய நாளும் அன்று காலையும் ரத்துகள் வரும். அந்த நேரத்தில் செயலியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். சில இடங்களில் முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டும். அங்கே ரத்து விதியைப் படிக்காமல் பட்டனைத் தொடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். இவ்வளவு செலவு செய்து சாலட்டும் உருளைக்கிழங்கு வறுவலும்தானா?

பதில்: இல்லவே இல்லை. மெனுவில் சிறிய இலைக் குறி இருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று அர்த்தம். அப்புறம், அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டல் வளாகத்தில் சனா என்று ஓர் உணவகம். பார்க்குக்கு வெளியே இருப்பதால் பார்க் டிக்கெட் வேண்டாம். நம் பக்கத்துச் சுவையும் ஆப்பிரிக்கச் சுவையும் கலந்த சமையல். அங்கே பிரெட் சர்வீஸ் என்று கேளுங்கள்: ‘நான்’ (naan) போன்ற ரொட்டிகளும், தொட்டுக்கொள்ள வரிசையாகக் கிண்ணங்களில் ஒன்பது வகையும் வரும். நாலு பேர் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட அருமையாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகள் மேயும். இருட்டிய பிறகு அவை சரியாகத் தெரியாது, அதனால் மதியத்துக்கே பதிவு செய்யுங்கள்.