தவணையைத் தள்ளிவைப்பார்கள் என்று நம்பி இன்னொரு கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் 12 வருடமாக சூப்பர்வைசர். ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுவிட்டதால் 38,000 வந்த சம்பளம் இப்போது 31,000தான் வருகிறது. மனைவிக்கு வேறொரு கம்பெனியில் 14,000. 2018-இல் 15 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினேன், 20 வருடம், 8.5 சதவீதம், தவணை 13,000. கொரோனா சமயத்தில் இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது. அப்போது ஆறு மாதம் தவணை கட்டாமல் விட்டேன், பிஎஃப்பில் 45,000 எடுத்தேன், அப்படித்தான் தப்பித்தோம். இப்போது வட்டி குறைந்திருக்கிறது என்று வங்கியிலிருந்தே கூப்பிட்டு, அதே வீட்டுக்கடன் மேலேயே கூடுதலாக 5 லட்சம் டாப்-அப் லோன் தருவதாகச் சொல்கிறார்கள். மனைவியின் தம்பி சொந்தமாக ஆடை யூனிட் போட அந்தப் பணத்தைக் கேட்கிறார், தவணையை அவரே கட்டிவிடுவாராம். மந்தம் முற்றி வேலை போனாலும் அரசாங்கம் மறுபடி தவணையைத் தள்ளிவைக்கும்தானே? கையிருப்பு 20,000. வாங்கலாமா சார்?

பதில்: வாங்காதீர்கள். மைத்துனர் நல்லவரா, தொழில் ஓடுமா என்ற கேள்விக்குள்ளேயே நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது “அப்படித்தான் தப்பித்தோம்” என்ற வார்த்தை. 2020-இல் நடந்ததை ஒரு உதவியாக மனதில் வைத்துக்கொண்டு, அந்த தைரியத்தில் அடுத்த கடனுக்குப் போகிறீர்கள். அந்த ஆறு மாதத்துக்கு நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, அதனால் முதலில் அந்தக் கணக்கு.

2018 மார்ச்சிலிருந்து இரண்டு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 தவணை, மொத்தம் சுமார் 3,12,000. ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பதால் அசலில் குறைந்தது 62,000 மட்டும், பாக்கி 14,38,000. அப்புறம் 2020 மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தள்ளிவைப்பை அறிவித்தது, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடும் என்பதுதான் நிபந்தனை. 14,38,000-க்கு ஆறு மாத வட்டி ஏறத்தாழ 61,000, அது அசலோடு சேர்ந்ததும் பாக்கி மறுபடி 15 லட்சம் ஆகிவிட்டது. இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்துக் கட்டியதை ஆறு மாதம் அழித்துவிட்டது. வட்டி மாறவில்லை என்று வைத்து ரஃபாகப் போட்டால், 2038 பிப்ரவரியில் முடிய வேண்டிய கடன் 2040 ஆகஸ்டுக்குப் போகிறது. விட்டது 6 தவணை, கடைசியில் கூடுவது 30 தவணை. அதாவது அன்றைக்குக் கையில் நின்ற 78,000-க்குப் பதிலாக 3,90,000 கட்டப்போகிறீர்கள்.

வட்டிக்கு வட்டியைத் திருப்பிக் கொடுத்தார்களே என்று கேட்கலாம். கொடுத்தார்கள், 2 கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டது. உங்கள் கடனுக்கு அது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், உங்கள் கணக்கிலும் 2020 நவம்பர் வாக்கில் வந்திருக்கும். வட்டியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. 2008-இல் வந்த விவசாயக் கடன் தள்ளுபடியை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கடனுக்கும் ஒருநாள் அப்படி வரும் என்று இன்னும் பலர் காத்திருக்கிறார்கள், நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

சம்பளமே வராதவருக்கு அந்தத் தள்ளிவைப்பு அவசியம், அதைக் குறை சொல்லவே மாட்டேன். உங்களுக்கும் இரண்டு மாதம் தேவைப்பட்டிருக்கும். மீதி நான்கு மாதம் முழுச் சம்பளம் வந்தும் கட்டாமல் விட்டதில்தான் தப்பு நடந்தது.

பிஎஃப்பிலும் இதே கதைதான். மூன்று மாத அடிப்படைச் சம்பளம் மற்றும் அகவிலைப்படி, அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கட்டத் தேவையில்லை என்றார்கள். திருப்பிக் கட்டத் தேவையில்லாததற்குக் காரணம் அது உங்கள் பணம் என்பதுதான். அந்த 45,000 அங்கேயே இருந்து, இப்போதைய 8.25 சதவீதத்தை ஒட்டியே வட்டி தொடர்ந்து வந்திருந்தால் 20 வருடத்தில் 2 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதே 2020-இல் மே முதல் ஜூலை வரை பிஎஃப் பிடித்தத்தை 12-இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள், கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அதுவும் உங்கள் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்துதான் வந்தது.

பிரிட்டனில் அந்த வருடம் வேலைக்குப் போக முடியாதவர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு, அரசே கொடுத்தது. ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தவர்களின் சம்பள இழப்பில் ஒரு பங்கை அரசு ஈடுகட்டும் ஏற்பாடு பல வருடங்களாகவே இருக்கிறது. இங்கே ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அரிசி கோதுமை வந்தது, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் மூன்று மாதம் வந்தது, நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ஒதுக்கினார்கள். நிறுவனங்களுக்கு 3 லட்சம் கோடி அளவுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் என்றார்கள். நடுவில் இருக்கும் உங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்குக் கிடைத்தது அவகாசமும், சொந்த சேமிப்பை எடுக்க அனுமதியும். அடுத்த மந்தத்திலும் இதைவிட அதிகமாக எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்புகூட உங்கள் வீட்டில் எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் பழைய சம்பளத்திலேயே உங்கள் ஆண்டு வருமானம் 4,56,000தான், நீங்கள் ஏற்கெனவே வரி கட்டாதவர்.

சரி, இந்த டாப்-அப்புக்கு வருவோம். 2025-இல் மட்டும் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50-இலிருந்து 5.25-க்குக் கொண்டுவந்தது. பொருளாதாரம் சுணங்கும்போது வட்டியைக் குறைப்பதே ஜனங்களும் கம்பெனிகளும் கடன் வாங்கிச் செலவு செய்யட்டும் என்றுதான். நாட்டுக்கு அது சரியான மருந்தாக இருக்கலாம். வருமானம் ஏறுகிறவர் வாங்கட்டும். மாதம் 7,000 ரூபாய் சம்பளம் குறைந்து நிற்கிறவர் அந்தக் கடனை வாங்கக்கூடாது, வங்கி ஊழியர் உங்களைக் கூப்பிடுவது உங்கள் ஓவர்டைம் நின்றது அவருக்குத் தெரியாததால்.

5 லட்சம், 15 வருடம், 9 சதவீதம் என்றால் தவணை 5,070 வரும், மொத்தமாகக் கட்டுவது 9 லட்சத்தைத் தாண்டும். பழைய தவணையோடு சேர்த்து மாதம் 18,000-க்கு மேல். உங்கள் வேலை போய்விட்டால் வீட்டுக்கு வருவது மனைவியின் 14,000 மட்டும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள், மனைவியிடமும் மைத்துனரிடமும் சேர்த்து. கடன் உங்கள் பெயரில், அடமானம் உங்கள் வீடு, அவர் கட்டிவிடுவார் என்பதற்கு வங்கியில் எந்த மதிப்பும் இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் தொழிலே படுத்திருக்கும்போது அவரும் அதே தொழிலில் யூனிட் போட்டால், உங்கள் சம்பளமும் அவருடைய வருமானமும் ஒரே மாதத்தில் நிற்கும்.

அவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. சிறு தொழிலுக்கென்றே முத்ரா கடன் இருக்கிறது, 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்காமல் தர வேண்டியது. மெஷின் விலைப்பட்டியல், வேலை தரப்போகும் கம்பெனியின் கடிதம் எல்லாவற்றோடும் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும், நீங்கள் கூடப் போய் உட்காருங்கள், படிவம் நிரப்ப உதவுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அவருடைய கணக்கைப் பார்த்து வங்கி தயங்கினால், அந்தத் தயக்கத்தை நீங்களும் மதிக்க வேண்டும்.

டாப்-அப்போடு சேர்த்து, வேலை போனால் தவணை கட்டும் இன்சூரன்ஸ் என்று ஒன்றையும் தள்ளுவார்கள். இப்படிப்பட்ட பாலிசிகள் பெரும்பாலும் மூன்று தவணையோடு நின்றுவிடும், தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது என்றும் இருக்கும். ஆர்டர் இல்லாத காலத்தில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டுதானே ஆளை அனுப்புகிறார்கள்! அந்த பிரீமியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் வரும் சம்பள முன்பணம், முன்னரே ஒப்புதல் பெற்ற தனிநபர் கடன் எதையும் தொடாதீர்கள்.

இப்போது உங்கள் முதல் வேலை ஆறு தவணைப் பணம், 78,000, தனியாக ஒரு கணக்கில் சேர்வது. 20,000 இருக்கிறது, மாதம் 5,000 வைத்தால் ஒரு வருடத்தில் வந்துவிடும். டாப்-அப் தவணைக்கு அந்த 5,000-ஐ எப்படியோ ஒதுக்க நினைத்தீர்கள் அல்லவா, அதேதான். இது உங்கள் சொந்தத் தள்ளிவைப்பு, இதற்கு யாரும் வட்டி போட மாட்டார்கள். அதுவரை கடனை முன்கூட்டி அடைக்கக்கூட வேண்டாம், வேலை ஆட்டம் காணும் நேரத்தில் ரொக்கம்தான் முக்கியம்.

வங்கிக்குப் போவதாக இருந்தால் வேறு ஒரு காரியத்துக்குப் போங்கள். 2018 கடன் என்பதால் அநேகமாக எம்சிஎல்ஆர் முறையில், அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டி போடும் முறையில் இருக்கும், ரெப்போ குறைந்த பலன் அதில் முழுதாக வந்திருக்காது. ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அதற்கான கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். வட்டி 8-க்கு இறங்கினால் தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அதே 13,000-ஐக் கட்டினால், பாக்கி 13 லட்சம் என்ற கணக்கில் ஒன்பது மாதம் குறையும்.

வேலை போகும் நிலை வந்தால் இரண்டு விஷயம். ஐந்து வருடம் தாண்டியவருக்கு ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளம் 18,000 என்றால் 12 வருடத்துக்கு சுமார் 1,24,000, அதைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கடைசிக் கையெழுத்து போடாதீர்கள். மனைவியின் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அவருக்கு வேலை போனால் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் சராசரி ஊதியத்தில் பாதி, 90 நாள் வரை கேட்க வழி உண்டு, அந்தத் திட்டம் அப்போது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பிடித்த நாள்கணக்கு சரியாக இருக்க வேண்டும், அதனால் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.