நடிகர் நகரட்டும், கேமரா அப்புறம்

கேள்வி: திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படிக்கிறேன். அண்ணன், தங்கை இருவர் மட்டும் வரும் மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்தேன். அப்பா விட்டுப்போன வீட்டை விற்க அண்ணன் கையெழுத்துக் கேட்கிறான், தங்கை மறுக்கிறாள். மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். காட்சி முழுவதையும் ஒரே கோணத்தில் காட்டும் மாஸ்டர் ஷாட், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் இரண்டு பக்கமும், இரண்டு பக்கமும் குளோசப் எல்லாம் எடுத்தேன். எடிட்டிங்கில் பார்த்தால் உயிரே இல்லை. போதாக்குறைக்கு, குளோசப்பில் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அண்ணனுக்குப் பின்னால் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் அவனை மட்டும் மறுபக்கம் போய் எடுத்தேன். அதுதான் காரணமா?

பதில்: ஒரே பக்கம் பார்ப்பதற்கு அதுதான் காரணம். அதைச் சரிசெய்வது சுலபம், பிறகு சொல்கிறேன். உயிரில்லாமல் போனதற்குக் காரணம் வேறு. உங்கள் நடிகர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்தே இருக்கிறார்கள். உடம்பில் எதுவும் நடக்கவில்லை. அதனால் எத்தனை ஷாட் எடுத்தாலும் எடிட்டர் கையில் கிடைப்பது வசனம் பேசும் முகங்கள்தான்.

ஷாட் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வசனத்தாளை எடுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எந்த வரியில் யார் கை ஓங்குகிறது என்று பாருங்கள். அண்ணனுக்குக் கையெழுத்து வேண்டும். தங்கைக்கு? 'விற்கக்கூடாது' என்பது பதில் அல்ல. ஒருமுறையாவது அவன் தன்னிடம் யோசனை கேட்டிருக்க வேண்டும் என்பது அவள் எதிர்பார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இனி அவளை எங்கே நிறுத்துவது என்பது தானாகவே தெரியும்.

தொடக்கத்தில் அவள் ஜன்னலருகே, முதுகைக் காட்டியபடி நிற்கட்டும். அவன் மேஜையில் பத்திரத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பேசப்பேச அவள் திரும்பவே இல்லை. மறுப்பை முதுகே சொல்லிவிடுவதால் இரண்டு வரி வசனத்தை வெட்டிவிடலாம். அவன் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து வருகிறான், அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறாள். இப்போது மேஜை இருவருக்கும் நடுவே நிற்கிற தடை. கடைசியில் அவன் உட்கார்ந்த நாற்காலியிலேயே அவள் உட்கார்ந்து பத்திரத்தைப் படிக்கத் தொடங்குகிறாள், அவன் நிற்கிறான். கெஞ்ச வேண்டிய நிலை இப்போது யாருக்கு என்று பார்ப்பவருக்கே புரிந்துவிடும். இதை நடிகர்களோடு ஒத்திகையில் தேடுங்கள். கேமரா வேண்டாம், போனில் ஒரே ஷாட்டாக எடுத்துப் பார்த்தாலே போதும். நடிகருக்கு ஓர் அசைவு ஒட்டவில்லை என்றால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நகர்வு முடிவானதும் தரையில் டேப் ஒட்டி மார்க் போடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் கேமரா. மேஜையையும் ஜன்னலையும் மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தாளில் வரையுங்கள். இருவரையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள், அதுதான் இமேஜினரி லைன். அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில், 180 டிகிரிக்குள் கேமரா இருக்கும்வரை அவன் திரையில் வலப்பக்கம் பார்ப்பது (ரைட் லுக்), அவள் இடப்பக்கம் பார்ப்பது (லெஃப்ட் லுக்) என்று நிலையாக இருக்கும். நீங்கள் வெளிச்சத்தைத் தேடிக் கோட்டைத் தாண்டினீர்கள், அவனுடைய லுக் புரண்டுவிட்டது. வெளிச்சம் பிடித்திருந்தால் தாண்டுவதற்குப் பதில் நாற்காலியை நகர்த்தியிருக்கலாம். மாஸ்டரில் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் ஏமாற்றுவது எல்லா செட்டிலும் நடப்பதுதான்.

தாண்டவே கூடாதா என்றால், அப்படியில்லை. ஜப்பானிய இயக்குநர் ஓசு பல படங்களில் தாண்டினார், ஆனால் தெரிந்தே தாண்டினார். நீங்கள் தாண்ட எளிய வழி நடிகரை நடக்கவிடுவது. தங்கை மேஜையைச் சுற்றி மறுபக்கம் போவதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டினால், கோடு மாறுவதைப் பார்ப்பவரும் பார்த்துவிடுகிறார். அங்கிருந்து புதுக்கோடு. நகர்வைச் சேர்த்ததில் இந்த லாபமும் உண்டு.

குளோசப்பைச் சேமித்து வையுங்கள். முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டால், அவள் கடைசியில் பத்திரத்தைப் பார்க்கும் முகத்துக்கு மதிப்பே இருக்காது. அவன் பேனாவோடு எழுந்து வருகிறானே, அங்கே கேமராவை ஜன்னல் பக்கம் வைத்தால், வைடில், அதாவது தூரத்தில் முழு உருவமாக இருந்தவன் நடந்து வந்தே இடுப்புவரை தெரியும் மிட் ஷாட்டுக்குள் நுழைந்துவிடுவான், வெட்டே தேவையில்லை. குளோசப் எடுக்கும்போது இருவருக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம், கண்ணுக்கு ஒப்பிட்டு ஒரே உயரம். ஒருவருக்கு நெருக்கிக் காட்டும் 85 எம்.எம். லென்ஸ், இன்னொருவருக்கு அகலமாகக் காட்டும் 35 எம்.எம். லென்ஸ் என்று போட்டால் இருவரும் வேறு வேறு இடத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். அந்த எண்ணமே வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். எதிரில் பேசுபவர் லென்ஸை ஒட்டி நின்று வசனம் கொடுக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போய்விட்டு உதவி இயக்குநர் வசனம் வாசித்தால், அது நடிகரின் கண்ணில் தெரியும்.

படப்பிடிப்பில் ஒருவரைக் காட்டும் ஷாட்களை முழுதாக முடித்துவிட்டு, லைட்டை மாற்றி மற்றவரைக் காட்டும் ஷாட்களுக்குப் போங்கள். அழ வேண்டிய வரி இருந்தால் மட்டும் வழக்கத்தை மீறி அந்தக் குளோசப்பை முதலில் எடுப்பதில் தவறில்லை. மாஸ்டரிலேயே அழுது தீர்த்துவிட்டால், குளோசப் வரும்போது நடிகரிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. எந்தச் சொல்லில் பேனா கை மாறியது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருக்கட்டும். அசைவுகளை இரண்டு ஷாட்டிலும் முழுதாக எடுங்கள். அவள் உட்காரும் அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டு கண்ணுக்கே தெரியாது. வசனம் முடிந்த கையோடு கட் சொல்லாதீர்கள். சில நொடிகள் ஓடட்டும், நல்ல ரியாக்ஷன் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இரண்டு கேமரா வைத்தால் நேரம் மிச்சமாகுமே என்று அடுத்து தோன்றும். இப்போதைக்கு வேண்டாம். எதிரெதிராக வைத்தால் ஒன்றின் ஃபிரேமுக்குள் இன்னொன்று வராமல் ஒதுக்க, இரண்டுமே பக்கவாட்டுக்குத் தள்ளிப்போகும். லுக்கும் லென்ஸை விட்டு விலகும், லைட்டிலும் சமரசம் செய்ய வேண்டியிருக்கும்.