“கோட்டா” என்று சொல்லி அறுவை சிகிச்சை கேஸ் தர மறுக்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டியல் இனத்தைச் சேர்ந்தவள். என் யூனிட்டில் உடன் படிக்கும் பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்) அப்பெண்டிக்ஸ், ஹெர்னியா எல்லாம் செய்கிறார்கள். எனக்கு அறுத்த இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிப்பதும் கடைசியில் தோல் தைப்பதும்தான். உதவிப் பேராசிரியர் ஒருவர் ஆபரேஷன் தியேட்டரில், “கோட்டாவுல வந்தவங்க கையில கத்தியக் குடுக்க முடியாது” என்றார். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். “லீவுல போனா சீட்டை மறந்துடு” என்கிறார்கள். பி.சி.ஆர். வழக்கு கொடுக்கலாமா? கொடுத்தால் ஃபெயில் ஆக்கிவிடுவார்களா?

பதில்: கொடுக்கலாம், டாக்டர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிக் காவல் நிலையம் போகாதீர்கள்.

நீங்கள் பி.சி.ஆர். என்று சொல்வது 1989-ஆம் ஆண்டு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் பிரிவு 3(1)(s). சாதிப் பெயரே வராவிட்டாலும், பட்டியல் இனத்தவர் என்பதற்காக வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 3(1)(r). “கோட்டா” பேச்சு இரண்டாவதில்தான் வரும். இரண்டுக்குமே சம்பவம் “பொதுப் பார்வையில்” நடந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்டம் லால்குடி வழக்கு ஒன்றில், அரசு அலுவலக அறையின் நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது பேசியது அந்த வரம்புக்குள் வராது என்று சொல்லி 2025-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. தியேட்டர் மூடிய இடம். மயக்க மருத்துவர், நர்ஸ், ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) இருந்தார்கள் என்று நாம் வாதாடலாம்; எதிர்த்தரப்பும் விடாது. இதே பேச்சு ரவுண்ட்ஸில், நோயாளியின் உறவினர்கள் காதுபட வந்திருந்தால் உங்கள் கை ஓங்கும்.

உங்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம் அந்தப் பேச்சு கூட இல்லை, கேஸ் தராததுதான். 2019-இல் மும்பை நாயர் மருத்துவமனையில் உயிரிழந்த பழங்குடி பி.ஜி. மாணவி டாக்டர் பாயல் தட்வியின் வழக்கிலும், சீனியர்கள் அவரை அறுவை சிகிச்சை செய்ய விடவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பேச்சை மறுத்துவிடலாம். ஆபரேஷன் தியேட்டர் பதிவேடான ஓ.டி. ரெஜிஸ்டரை அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது. யார் சர்ஜன், யார் அசிஸ்டன்ட் என்பது அதில் நாள்வாரியாக இருக்கிறது.

அதனால் நீங்கள் பங்கெடுத்த கேஸ்களைப் பதியும் லாக் புக்கிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று செய்யாத கேஸைச் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல துறைகளில் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். உதவி செய்தது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு: உங்கள் யூனிட்டில் கடந்த ஓராண்டில் ஒவ்வொரு பி.ஜி.யும் எந்தெந்த அறுவை சிகிச்சையில் என்ன பொறுப்பில் இருந்தார் என்று கேளுங்கள். நோயாளிகளின் பெயர், விவரம் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். மறுக்க ஒரு சாக்கு குறையும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே டீனுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த வார்த்தைகளைச் சொன்னபடியே, தேதி, நேரம், உடனிருந்தவர்களோடு எழுதுங்கள். பின்னாளில் எஃப்.ஐ.ஆர். போட்டால் “இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்” என்ற கேள்விக்கு இதுதான் பதில். கேஸ் பிரிப்பதில் சீனியர் பி.ஜி.க்களும் சேர்ந்து ஒதுக்குகிறார்கள் என்றால், ராகிங் தடுப்புக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும். சாதி, பாலினம் காரணமாக ஒரு மாணவரை ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2016-இல் தெளிவாகச் சேர்த்துவிட்டது.

மகப்பேறு விஷயத்தில் நீங்கள் பயப்படவே வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலைக் கல்வி விதிகள் பி.ஜி. மாணவியருக்கு அரசு விதிப்படி மகப்பேறு விடுப்பு உண்டு என்கின்றன. அனுமதித்த அளவுக்கு மேல் விடுப்பு போனால் அத்தனை நாள் படிப்பு நீளும், அவ்வளவுதான். சீட் போகாது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கிலேயே 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடுப்பை வாயால் கேட்காதீர்கள். மனுவாகக் கொடுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சர்வீஸ் பி.ஜி.யா (அரசுப் பணியில் இருந்து படிக்க வந்தவரா), நேரடிச் சேர்க்கையா என்று எழுதவில்லை. எத்தனை நாள் கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது.

ஃபெயில் பயம் நியாயமானது. ஆனால் செய்முறைத் தேர்வில் குறைந்தது நான்கு தேர்வாளர்கள். பாதிப் பேர் வெளியிலிருந்து வருபவர்கள். உங்கள் யூனிட் நினைத்தால் மட்டும் முடியாது. தீசிஸில் (ஆய்வேட்டில்) கையெழுத்தை இழுத்தடிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த உதவிப் பேராசிரியரே உங்கள் கைடு (ஆய்வு வழிகாட்டி) என்றால், கைடை மாற்றக் கோரும் மனுவை டீன் வழியாக எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே அனுப்புங்கள்.

டீன் அசையவில்லை என்றால், யூனிட் மாற்றமும் மற்றவர்களுக்குச் சமமான அறுவை வாய்ப்பும் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். ஆர்.டி.ஐ. பதில் வந்ததும் உங்கள் எண்ணிக்கையையும் சக பி.ஜி.க்களின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் அருகருகே எழுதி எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். போடுவதா, எந்தப் பிரிவில் என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.