‘பி மை பேபி’ (Be My Baby), ரோனெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடி 1963-இல் வந்த பாடல். இன்றும் ஏன் சலிக்கவில்லை?

முதல் சில நொடிகளிலேயே விடை இருக்கிறது. டும், டும்டும், டப்! டிரம் கலைஞர் ஹால் பிளெய்னின் டிரம்மில் மூன்று அடிகள் நெஞ்சில் இறங்கும். நான்காவது சாட்டையாகச் சொடுக்கும். பிறகு பல கிட்டார்களும் பியானோக்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் கோல்டு ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தின் எதிரொலி அறை வழியே ஒரே அலையாகப் பெருகி வரும். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கைவண்ணம் அது.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது, குழுவில் முன்னின்று பாடிய ரோனியின் குரல்தான். அப்போது அவருக்கு ஏறத்தாழ 20 வயது. காதலைக் கேட்பவள் பெண். கெஞ்சவில்லை, உரிமையோடு கேட்கிறாள். அந்த ‘வோ-ஓ-ஓ’வில் குரல் லேசாக நடுங்கும் இடத்தைக் கவனியுங்கள். இறுதியில் எல்லாம் அடங்கி, அதே டிரம் மட்டும் திரும்பி வரும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பிரையன் வில்சன் இதை வானொலியில் கேட்டதும் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாராம்.