100 கிலோஓம் சென்சாருடன் எல்டி1028: எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு இரைச்சல்

100 கிலோஓம் சென்சாருடன் இணைத்த எல்டி1028 ஆப்-ஆம்ப் (சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) பார்த்ததைவிட நூறு மடங்கு இரைச்சல் தருகிறது, பழுதா, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆப்-ஆம்ப்பை மாற்றுங்கள், ஆனால் பழுது என்பதற்காக அல்ல, 100 கிலோஓம் மூல மின்தடைக்கு (சென்சாரின் சொந்த மின்தடை) எல்டி1028 பொருந்தாது என்பதற்காக.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்த 0.85 நானோவோல்ட் (ரூட் ஹெர்ட்ஸுக்கு, அதாவது அலைவரிசை அகலத்தின் வர்க்கமூலத்துக்கு; கீழே வரும் இரைச்சல் எண்களும் இப்படியே) என்பது மின்னழுத்த இரைச்சல் மட்டுமே. உள்ளீட்டில் ஏறத்தாழ 1 பிகோஆம்பியர் மின்னோட்ட இரைச்சலும் உண்டு. அது உங்கள் 100 கிலோஓம் வழியே பாயும்போது 100 நானோவோல்ட் ஆகிவிடுகிறது. மின்தடையின் வெப்ப இரைச்சலான 40 நானோவோல்ட்டையும் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துச் சேர்த்தால் சுமார் 108 நானோவோல்ட் வரும். நீங்கள் அளந்ததும் ஏறக்குறைய அதுவே.

உறுதி செய்ய, நேர் உள்ளீட்டை மிகக் குறுகிய கம்பியால் தரையுடன் இணைத்து, வெளியீட்டை அதே அலைவரிசை அகலத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். இரைச்சல் சரிந்தால் மூலப் பக்கமே காரணம். குறையாவிட்டால் பின்னூட்ட மின்தடைகளின் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பி, பெருக்கத்தை நிர்ணயிப்பவை) மதிப்பைக் குறைத்துப் பாருங்கள், 1 கிலோஓம்கூட தனியாக 4 நானோவோல்ட் தரும்.

ஒரு எச்சரிக்கை: உள்ளீட்டைக் குறுக்கிணைத்தால் வெளியிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்தே மறையும். ஆகவே சுற்றை உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையுடன் இணைத்த பிறகே இந்தச் சோதனையை நம்புங்கள்.

மாற்றாக ஓபிஏ140 போன்ற ஜேஃபெட் உள்ளீட்டு வகை ஆப்-ஆம்ப்பைப் போடலாம் (ஜேஃபெட் என்பது உள்ளீட்டில் மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும் டிரான்சிஸ்டர் வகை). அதன் மின்னழுத்த இரைச்சல் 5.1 நானோவோல்ட், காகிதத்தில் மோசம்தான். ஆனால் மின்னோட்ட இரைச்சல் ஃபெம்டோஆம்பியர் (பிகோஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே என்பதால் மொத்தம் 41 நானோவோல்ட்டுக்கு இறங்கும். மூல மின்தடையைக் குறைக்காமல் அதற்குக் கீழே போக முடியாது.