புட்-இன்-பே ஊருக்கு ஒரு நாள் பயணம்: பழைய மீன் குஞ்சுப் பொரிப்பகத்தைப் பார்ப்பது நேர விரயமா?

புட்-இன்-பே, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரித் தீவு ஒன்றில் இருக்கும் ஊர். வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு காலையில் படகேறி மாலையில் திரும்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு மணி நேரம் போதும். ஆனால் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

என் அப்பா நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் மீன் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில்கூட அவரை "மீன்காரர்" என்றுதான் சொல்வார்கள். அவர் ஓஹையோவுக்கு வந்திருந்தபோது இந்தத் தீவுக்குப் போனோம். கடற்படைத் தளபதி பெர்ரியின் வெற்றிக்காக எழுப்பிய 352 அடி உயர நினைவுத் தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது?" என்றார். பொரிப்பகத்தில் கண்ணாடி ஜாடிகளுக்கு முன்னால் நின்றவரோ நகரவே இல்லை. அங்கிருந்த மாணவி வால்ஐ (walleye) என்ற ஏரி மீனின் முட்டையைப் பற்றிச் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் மகளிடம் அவரே தொடங்கிவிட்டார்.

"டிரவுட் முட்டை பெரிசு கண்ணு, தட்டுல பரப்பி வெச்சாப் போதும். இது பொடிசு, ஒட்டிக்கும். அதான் ஜாடிக்கு அடியில தண்ணி விட்டு உருட்டிக்கிட்டே இருப்பாங்க. செத்த முட்டை வெளுத்து மேல வரும். அதை எடுக்கலேன்னா பூஞ்சை பிடிச்சு எல்லாம் போயிடும்."

ஓஹையோ மாநிலம் இந்தப் பொரிப்பகத்தைக் கட்டியது 1907இல். (அமெரிக்க மத்திய அரசின் பொரிப்பகம் 1889இலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது.) ஆண்டைக் கேட்டதும் அப்பா மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். வில்சன் துரை அவலாஞ்சிப் பொரிப்பகத்தைத் தொடங்கியதும் அதே 1907தான்.

பொரிப்பகத்தால் ஏரி பிழைத்துவிடவில்லை என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும். இந்த ஏரியில் வாழ்ந்த நீல பைக் என்ற மீன் அழிந்துவிட்டதாக 1983இல் அறிவித்தார்கள். வால்ஐ மீண்டது, தண்ணீரைச் சுத்தம் செய்து, பிடிப்பதற்கு வரம்பு வைத்த பிறகுதான். அதற்காக, தண்ணீரில் கை விறைக்க முட்டை பொறுக்கியவர்களின் உழைப்பு இல்லையென்று ஆகிவிடுமா?

இன்னொன்று. தீவில் கோல்ஃப் வண்டி வாடகைக்கு எடுத்தால் முதலில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் பிடித்தார்கள். அப்பா அந்தத் தொகையை ரூபாயில் கணக்குப் போட்டு இரவெல்லாம் வருந்தினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பொரிப்பகத்தில் எங்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. கோடையில் மட்டும்தான் திறப்பார்கள், நாள் பார்த்துப் போங்கள். என் மகள் இப்போது பள்ளியில் தாத்தாவின் வேலை என்னவென்று கேட்டால் முட்டை உருட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறாள்.